வெள்ளைப் புறாவும் சிவப்புக் கிளிப்பும்

மேடைக்குப் பின்னால் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, இதைப் படிப்பதற்கு முன் ஒருமுறை உங்கள் சட்டையைத் தடவிப் பாருங்கள். பாக்கெட்டில் என்ன கிடக்கிறது, காலரில் என்ன தொங்குகிறது, இடுப்பில் என்ன செருகியிருக்கிறது, எல்லாவற்றையும் பாருங்கள். பார்த்தாயிற்றா? நல்லது. நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெயர் விமலா, கோலாலம்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடை நிர்வாகியாக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று எந்த மொழியில் நாடகம் நடந்தாலும் கறுப்புச் சட்டையும் ஹெட்செட்டும் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டு இருட்டில் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, எந்த நொடியில் விளக்கு எரிய வேண்டும், எந்த நொடியில் திரை விழ வேண்டும் என்று சொல்லும் வேலை. நடிகருக்குக் கைதட்டல், இயக்குநருக்கு மாலை, நமக்கு மிச்சமான வடை. அந்த வடைக்காகவே நான் முப்பது ஆண்டுகள் ஓட்டினேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பாதி உண்மை.

வேலை நுணுக்கங்களை நான் இங்கே சொல்லப் போவதில்லை. எது எப்போது என்று குறிக்கும் கியூ எழுதுவது எப்படி, டேப் ஒட்டுவது எப்படி என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நேரம் நெருக்கும்போது மூளையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் வராது. எனக்கு அது ஒரு புறாவால் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசைக் கட்டடத்தின் மாடியில் இருந்த சின்ன அரங்கில் ஒரு நாடகம் போட்டோம். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே நாங்கள். மேடையில் சோகம் உச்சத்தில் இருக்கும்போது கீழிருந்து மீன் பொரிக்கும் வாசனை வரும். பார்வையாளர்கள் அழுதார்களா, பசியில் கண் கலங்கினார்களா என்று கண்டுபிடிக்க முடியாது.

நாடகத்தின் மூலம் ஒரு பழைய அமெரிக்க நாவல். இன அநீதியைப் பற்றியது. செய்யாத குற்றத்துக்காக ஒரு கறுப்பின மனிதரைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவர் செய்ததெல்லாம் ஒருத்தியின் நிலையைப் பார்த்து இரக்கப்பட்டு உதவியதுதான். அந்த இரக்கமே அவருக்கு எதிராகத் திரும்புகிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் அதைப் பரீட்சைக்கு உருப்போட்டவர்கள். "களங்கமின்மையின் குறியீடு யாது?" என்று கேட்டால் தூக்கத்தில்கூட, யாருக்கும் தீங்கு செய்யாத பறவை என்று பதில் சொல்வீர்கள்.

எங்கள் இயக்குநர் கல்லூரி விரிவுரையாளர். மெலிந்த உடம்பு, பெரிய கனவு. நாவலை அவரே தமிழில் நாடகமாக்கியிருந்தார். குறியீடு வெறும் வசனமாக நின்றுவிடக் கூடாது, உயிருள்ள பறவையே மேடையில் வர வேண்டும், தீர்ப்பு சொல்லும் நொடியில் அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறக்க வேண்டும் என்றார். அதுவும் வெள்ளைப் புறா.

குற்றம் சாட்டப்பட்டவராக நடித்த கணேசன், கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். நல்ல கறுப்பு, நல்ல குரல், வாயை அடக்கத் தெரியாத மனிதர். அவர் முதல் ஒத்திகையிலேயே கையைத் தூக்கினார்.

"சார், ஒரு டவுட். கதையில நான் கறுப்பு, அதனாலதான் என்னைய மாட்டி விடுறாங்க. சரியா?"

"சரி கணேசன்."

"நான் அப்பாவி. அந்த அப்பாவித்தனத்தக் காட்ட ஒரு வெள்ளப் புறா. எப்படி சார் இது? என் சிம்பல் எனக்கே மேட்ச் ஆகலையே!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. "வெள்ளைன்னா தூய்மை, கணேசன். ஆடியன்ஸுக்கு டக்குன்னு புரியணும்" என்றார். "ஆடியன்ஸுக்குப் புரியும் சார், எனக்குத்தான் புரியல" என்று முணுமுணுத்துக்கொண்டே கணேசன் உட்கார்ந்தார். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் கவலையெல்லாம் புறாவுக்கு எங்கே போவது என்பதுதான்.

கிள்ளானில், கல்யாணங்களுக்குப் புறா வாடகைக்குக் கொடுக்கும் ஓர் அண்ணனைப் பிடித்தேன். கூட்டோடு கொடுத்தார். "ரொம்ப டீசன்டான பறவ அக்கா. ஒரே ஒரு விஷயம். கல்யாணத்துல பழகினது, கைத்தட்டினாதான் பறக்கும்" என்றார். தண்டனை அறிவிக்கும் காட்சியில் யார் கைதட்டுவார்கள்? இயக்குநரிடம் சொன்னேன். பறவைக்கு நாடகம் புரியும் என்றார். ஒத்திகையில் அதற்கு நாடகம் புரிந்த விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். கூட்டைத் திறந்தால் வெளியே வரும், நின்று நாலு பக்கமும் பார்க்கும், பிறகு மேடையின் குறுக்கே நடந்தே போகும். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிற ஆன்டி மாதிரி நிதானமாக, தலையை ஆட்டிக்கொண்டே. அந்தப் பக்கம் வைத்திருக்கும் பயறைத் தின்றுவிட்டுத் திரும்பவும் நடந்தே வரும். அதற்கு நாங்கள் சிம்பல் என்றே பெயர் வைத்துவிட்டோம். "சிம்பல் சாப்பிட்டுச்சா?" "சிம்பல் விமலாக்கா ஃபைல் மேல போயிருச்சு." இப்படித்தான் எங்கள் உலக இலக்கியம் நடந்துகொண்டிருந்தது.

சிம்பலின் கூட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு துணிக் கிளிப்பைப் போட்டுக் கதவை இறுக்கி வைத்திருந்தோம். எங்கள் மேடைப் பொருள்களைப் பார்த்துக்கொண்ட ஜெயா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கிளிப்பு அது. இந்தக் கிளிப்பை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

கீழ்க்கடையிலிருந்து எங்களுக்குத் தேநீர் கொண்டுவருபவர் ராசு. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், வேலை பெர்மிட்டில் வந்தவர். ஊரில் மனைவியும் இரண்டு பெண்களும். அதிகம் பேச மாட்டார். எங்கள் எல்லோரையும்விட சிம்பலிடம்தான் அதிகம் பேசினார். பொரிகடலை கொண்டுவந்து கொடுப்பார். ஒருநாள் என்னிடம், "பாவம்க்கா இது. இப்புடி அடச்சு வச்சிருக்கீகளே, தொறந்து விட்டா புண்ணியமாப் போகும்" என்றார். ஜெயாவும் அருகில் இருந்தாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

முதல் காட்சி நாள். சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் பள்ளி மாணவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழ்க்கடை முதலாளிக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தோம். நீதிமன்றக் காட்சிக்கு வேண்டிய மேசை நாற்காலியெல்லாம் அவர் கொடுத்தவை. தங்கமான மனிதர், ஆனால் கோபம் வந்தால் கண் தெரியாது. போன மாதம்தான் ஒரு தொழிலாளியை, வாடிக்கையாளர் ஒருவர் புகார் சொன்னார் என்பதற்காக, விசாரிக்காமலேயே ஊருக்கு அனுப்பியிருந்தார்.

மணி இரண்டு இருபது. கடைசியாக ஒருமுறை பொருள்களைச் சரிபார்க்கப் போன ஜெயா அலறிக்கொண்டே ஓடி வந்தாள்.

"அக்கா! சிம்பல காணோம்!"

கூடு திறந்து கிடந்தது. உள்ளே ஓர் இறகும் நாலு பொரிகடலையும். கிளிப்பையும் காணவில்லை. இயக்குநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். புறா இல்லை என்றால் குறியீடு இல்லை, குறியீடு இல்லை என்றால் நாடகமே இல்லை என்று அவர் புலம்பியதைக் கேட்டபோது, புலம்புவதற்குக்கூட அடுக்குமொழி வைத்திருக்கிறாரே மனிதர் என்று எனக்குத் தோன்றியது.

"ராசு அண்ணன்தான்" என்றாள் ஜெயா. "ரெண்டு மணிக்கு டீ கொண்டாந்தாரு. கூட்டுகிட்ட நின்னு என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தாரு, நான் பாத்தேன். தொறந்து விட்டா புண்ணியம்னு அவருதானே சொன்னாரு?"

ராசுவை மேலே கூப்பிட்டார்கள். இப்போது நான் சொல்வதை மெதுவாகப் படியுங்கள். மேடையில் நீதிமன்றம் தயாராக நின்றது. நடிகர்கள் எல்லோரும் வேடம் போட்டு முடித்திருந்தார்கள். ஜூரி என்கிற நடுவர் குழுவினர் பன்னிரண்டு பேருக்கு எங்களிடம் ஆளில்லை, ஐந்து பேர் இருந்தார்கள், ஐந்து பேரும் கோட்டு போட்டிருந்தார்கள். போலீஸ் இரண்டு பேர். நீதிபதி வேடத்தில் பாலா, செந்தூலில் காப்புறுதி முகவர், கறுப்பு அங்கியும் வெள்ளை விக்கும் மாட்டிக்கொண்டு நின்றார். தேநீர்க் கறை படிந்த சட்டையோடு, கையில் கிளாஸ் தட்டோடு வந்த ராசு, எங்கே நிற்பது என்று தெரியாமல், காலியாக இருந்த இடத்தில் போய் நின்றார். அது குற்றவாளிக் கூண்டு. எங்களில் ஒருவருக்கும், சத்தியமாக ஒருவருக்கும், அது கண்ணில் படவில்லை.

"புறாவ தொறந்து விட்டது நீங்கதானே?" என்று கேட்டார் பாலா. அங்கி போட்டதும் குரலே மாறிவிட்டது மனிதருக்கு.

"இல்லீங்க சார். நான் வரும்போதே கூடு காலியாத்தேன் கெடந்துச்சு."

"அப்ப ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் தேடுனேன். எல்லாரும் அவசரமா ஓடிக்கிட்டிருந்தீக."

"கிளிப்பு எங்க?"

ராசு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு குனிந்துகொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

இயக்குநர் எழுந்தார். "முதலாளிகிட்ட சொல்லிட வேண்டியதுதான்" என்றார்.

ராசுவின் முகம் வெளுத்தது. "சார், மொதலாளிகிட்ட மட்டும் வேணாம் சார். அடுத்த மாசம் பெர்மிட் புதுப்பிக்கணும். பெரிய புள்ள காலேசு சேந்திருக்கு."

"பாத்தீங்களா, தப்பு பண்ணாதவருக்கு எதுக்கு பயம்?" என்றாள் ஜெயா. ஐந்து பேர் நடுவர் குழு தலையாட்டியது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். முப்பது ஆண்டு அனுபவம், நல்ல மனசுக்காரி என்று பெயர், எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு ராசுவிடம் சொன்னேன். "ராசு, நீங்கதான் தொறந்தீங்கன்னு ஒரு வார்த்த ஒத்துக்குங்க. பாவப்பட்டுத்தானே செஞ்சீங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டோம். முதலாளிகிட்ட போகாம நான் பாத்துக்கிறேன். ஷோவுக்கு நேரமாச்சு."

எனக்கு அப்போது உண்மை தேவைப்படவில்லை. மூன்று மணி தேவைப்பட்டது. அதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ராசு தரையைப் பார்த்தபடியே, "சரிக்கா. நாந்தேன்னு வச்சுக்கங்க" என்றார். காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு முப்பத்தைந்து. பிரச்சினை தீர்ந்தது என்று மகிழ்ச்சியோடு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது.

நாடகம் தொடங்கியது. அருமையாகப் போனது. மீன் வாசனைகூட சரியான இடத்தில் வந்தது. நீதிமன்றக் காட்சிக்குச் சற்று முன், கூண்டில் ஏறுவதற்காகக் கணேசன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து இருட்டில் நின்றார். என்னைக் கேலி செய்யாமல் அவரால் மேடை ஏற முடியாது.

"அக்கா, இன்னைக்கு என்ன கலர் மாத்திட்டீங்க?"

"என்னது?" என்றேன் கிசுகிசுப்பாக.

என் காலரிலிருந்து எதையோ பிடுங்கி என் கண் முன்னால் பிடித்தார். நம் தொழிலில் இருப்பவர்கள் ஒரு நடமாடும் ஹார்ட்வேர் கடை என்பது உங்களுக்குத் தெரியும். என் சட்டையில் எப்போதும் நாலைந்து கிளிப்பு தொங்கும், அதனால் எவரும் கவனிப்பதில்லை. ஆனால் என் கிளிப்புகள் எல்லாம் கறுப்பு. அவர் கையில் இருந்தது சிவப்பு.

காலையில் சிம்பலுக்குத் தண்ணீர் மாற்றியது நினைவுக்கு வந்தது. கிளிப்பைக் கழற்றிக் காலரில் மாட்டியதும், ஏணியிலிருந்து ஒளியமைப்பாளர் கூப்பிட்டதும், "இதோ வரேன்லா" என்று ஓடியதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. கூட்டுக்குத் திரும்பிப் போனது மட்டும் நினைவில் இல்லை, ஏனென்றால் போகவில்லை. விசாரணை நடந்த அந்தப் பத்து நிமிடமும் தடயப்பொருளை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்போலவும் இருந்தது, மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

"அக்கா, இது சிம்பலோட கிளிப்புலா" என்றார் கணேசன். குரலில் இப்போது கேலி இல்லை. அதற்குள் அவருடைய கியூ வந்துவிட்டது. கிளிப்பை என் கையில் வைத்துவிட்டு மேடை ஏறிவிட்டார்.

அதே நேரம் ஹெட்செட்டில் ஜெயாவின் குரல். அரங்க வாசலில் அவளை நிறுத்தியிருந்தேன். "அக்கா, புறா எங்கன்னு முதலாளி கேட்டிருக்காரு, சார் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. முதலாளி ரொம்ப கோபமா எழுந்திருச்சிட்டாரு. கீழ போயி இப்பவே ராசு அண்ணன பேக் பண்ணச் சொல்லப் போறாராம்."

பக்கத் திரையின் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடைபாதையில் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவர் வாசலைத் தாண்ட அரை நிமிடம்.

மேடை நிர்வாகி மேசையை விட்டு நகரக் கூடாது. அது நம் வேதம். என் மேசையில் இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் ஹெட்செட் போட்டிருக்கும் நம் ஆள்களுக்கு மட்டும் கேட்கும். சிவப்பை அழுத்தினால் அரங்கம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும். அது நாடகம் தொடங்குமுன் "கைப்பேசிகளை அணைத்துவிடுங்கள்" என்று சொல்வதற்கானது. நான் பொத்தானை அழுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு பேசினேன்.

"எல்லாரும் கேளுங்க. புறாக் கூட்டத் தொறந்து போட்டது நான்தான். விமலா. கிளிப்பு என் கையில இருக்கு. ராசு ஒரு தப்பும் பண்ணல. நேரமாச்சுன்னு நான்தான் அவர ஒத்துக்க வெச்சேன்."

அரங்கத்தின் நாலு மூலையிலிருந்தும் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. இருநூறு பேர் முன்னிலையில், இன அநீதியின் உச்சக்கட்டத்தில், வானத்திலிருந்து ஒரு பெண் குரல் புறாக்கூட்டைப் பற்றிப் பேசுகிறது. முதலாளி வாசல் விளக்கின் கீழ் அப்படியே நின்றுவிட்டார். மேடையில் ஐந்து பேர் நடுவர் குழுவும் கூரையைப் பார்த்தது. கணேசன் கூண்டுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இயக்குநரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாலாதான் காப்பாற்றினார். சுத்தியலால் மேசையைத் தட்டி, "புதிய சாட்சியம் வந்துள்ளது. நீதிமன்றம் அதைக் குறித்துக்கொள்கிறது" என்றார், அதே நீதிபதிக் குரலில். இதுவும் நாடகம்தான் போலிருக்கிறது என்று மாணவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். பின்வரிசையில் விசில். அரங்கமே அதிர்ந்தது.

கைதட்டல்! கிள்ளான் அண்ணன் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும், எனக்கு இருக்கவில்லை. விளக்குக் கம்பிகளுக்கு மேலே காலையிலிருந்து சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்த சிம்பல், தனக்குத்தான் கல்யாண அழைப்பு வந்துவிட்டது என்று நினைத்து, சிறகை விரித்து இறங்கியது. நடக்கவில்லை, பறந்தது! மாணவர்களின் தலைக்கு மேல் ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு, நீதிபதி பாலாவின் விக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் நாற்காலியில் நிற்கவில்லை என்பதுதான் குறை. நான் இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். வெட்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்தால் அப்படித்தான் வெளியே வரும்.

ஆனால் பாலா ஸ்கிரிப்டில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றத் தெரியாத மனிதர். ஏற்கெனவே ஒரு வரி சொந்தமாகப் பேசிவிட்ட அதிர்ச்சியில் இருந்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தலையில் புறாவோடு, கையிலிருந்த தாளைப் பார்த்து, அடுத்த வரியை அப்படியே படித்தார்.

"குற்றவாளி."

சிரிப்பு பட்டென்று நின்றது. கணேசன் ஒன்றும் நடிக்கவில்லை, கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். நடுவரிசையிலிருந்து ஒரு மாணவியின் குரல் கேட்டது. "எப்படி? அவர் செய்யலலா!" ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அரங்கில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கீழே மீன்கூட பொரியவில்லை.

எனக்கு அப்போதுதான் கணேசனின் பழைய கேள்வி உறைத்தது. களங்கமின்மை என்றால் வெள்ளைச் சிறகோடு வரும் என்று நாங்கள் இரண்டு மாதம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அது கறை படிந்த சட்டையோடு கையில் டீ கிளாஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் முன்னால், அதற்கென்றே நாங்கள் செய்து வைத்த கூண்டுக்குள் வந்து நின்றது. நாவலைப் பக்கம் பக்கமாகக் கரைத்துக் குடித்தவர்கள் நாங்கள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

நாடகம் முடிந்ததும் முதலாளி மேடைக்கே ஏறி வந்துவிட்டார். நான் கும்பிட்டுக்கொண்டு முன்னால் போனேன். அவர் என்னை விட்டுவிட்டு இயக்குநரைப் பிடித்துக்கொண்டார். "என் ஆள விசாரிக்க நீங்க யாரு சார்? கோட்டா இது?" என்று கத்தினார். அரை மணி நேரத்துக்கு முன் விசாரிக்காமலேயே ராசுவை அனுப்பப் போனவர் இவர்தான் என்பதை நான் நினைவூட்டவில்லை. கத்தி முடித்துவிட்டு, "ஆனா நாடகம் நல்லா இருந்துச்சு. அந்தப் புறா சீன் சூப்பர்" என்றார். ராசுவின் பெர்மிட்டை அடுத்த மாதம் அவரே கூட்டிப்போய்ப் புதுப்பித்துக் கொடுத்தார்.

பிறகு இயக்குநர் என்னிடம் வந்தார். "முப்பது வருஷ அனுபவம் விமலா. பச்சை எது, சிவப்பு எதுன்னு தெரியலையா?" என்றார். "பதற்றத்துல பட்டன் மாறிடுச்சு சார், மன்னிச்சிடுங்க" என்றேன். மறுநாள் காட்சிக்குச் சிம்பலை வேண்டாமென்றார். வெறும் கூடு, கதவு திறந்தபடி மேடையில் இருக்கட்டும் என்றார். கணேசனுக்குப் பரம திருப்தி.

அன்று எல்லோரும் போன பிறகு கீழே கடைக்குப் போனேன். ராசு தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தார். சிவப்புக் கிளிப்பை மேசைமேல் வைத்து, "என்னை மன்னிச்சிடுங்க ராசு" என்றேன்.

அவர் கிளிப்பைப் பார்த்தார். "அது ஒங்க காலர்லதான்க்கா இருந்துச்சு. கிளிப்பு எங்கன்னு கேட்டாகளே, அப்பவே பாத்தேன்."

"அப்ப ஏன் ராசு சொல்லல?"

அவர் தேநீரை ஒருமுறை தூக்கி ஆற்றினார். கோபமே இல்லாமல் கேட்டார். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா அக்கா?"

கூண்டில் நின்றவர் குற்ற உணர்வோடு என்னைப் பார்க்கவில்லை, என் காலரைப் பார்த்திருக்கிறார். தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "சிம்பல் சாப்புட்டுச்சா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். கடையில் இருந்தவர்கள் மீன்கறி காரம் என்று நினைத்திருப்பார்கள்.

பிள்ளைகளே, பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஹெட்செட்டில் ஜெயாவிடம் சொல்லியிருந்தால் அவள் முதலாளியின் காதில் போட்டிருப்பாளே, காரியம் சத்தமில்லாமல் முடிந்திருக்குமே என்று. முடிந்திருக்கும். விமலாக்கா இரக்கப்பட்டு அந்த ஆளைக் காப்பாற்ற ஏதோ சொல்கிறாள் என்று எல்லோரும் கிசுகிசுத்திருப்பார்கள், ராசுவின் மேல் ஒட்டிய பழி பாதி அப்படியே இருந்திருக்கும். சபை கூட்டிப் போட்ட பழியைச் சபை கூட்டித்தான் எடுக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இனி எவரும் என் வேலையைப் பறிக்க முடியாது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அந்த அரங்கத்துக்குப் போனால் மேசையைப் பாருங்கள். சிவப்புப் பொத்தான் தெரியாத்தனமாக அழுந்திவிடக் கூடாது என்பதற்காக அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள், அன்றைக்கும் அது இருந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால்தான் அழுத்த முடியும்.